பீரங்கிச் சுவரும் மீன் கட்லெட்டும்: காரைக்காலில் ஓர் அர்செனல் கடை

காரைக்காலில் அரசலாற்றை ஒட்டிக் கடற்கரைக்குச் செல்லும் சாலையில், பெயரைக் காட்டிலும் பெரிதாகப் பீரங்கிப் படம் வரையப்பட்ட பலகையுடன் ஒரு சிற்றுண்டிக் கடை இயங்கி வருகிறது. அது லண்டனின் அர்செனல் கால்பந்துக் கழகத்தின் சின்னம் என்று அறியாதவர்கள், பிரெஞ்சுக்காரர் காலத்துக் கோட்டையின் நினைவாக யாரோ வரைந்து வைத்திருக்கிறார்கள் என்றே எண்ணிக் கடந்து போகிறார்கள். புதுச்சேரி ஆட்சிப் பகுதிக்குள் இருப்பதாலும் பெரிய திரை வைத்திருப்பதாலும் மதுக்கூடம் என்று கருதி உள்ளே நுழைபவர்களும் உண்டு. அவர்களுக்குக் கிடைப்பது தேநீரும் பரோட்டாவும்தான்.

ஆயினும் நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கங்களிலிருந்து இளைஞர்கள் இவ்வளவு தூரம் வருவதற்குப் பரோட்டா காரணமன்று. உட்பக்கச் சுவர்தான் காரணம். அர்செனலை ஆதரிக்கும் புகழ்பெற்றவர்களின் படங்கள் அச்சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. நடிகர் படமோ விளையாட்டு வீரர் படமோ மாட்டாத கடை நம் ஊர்ப்பக்கம் அரிது என்பதால் அதில் வியப்பில்லை. இங்கே ஒவ்வொரு படத்தின் கீழும், அவர் அந்தக் கழகத்தின் பக்கம் எப்படி வந்தார் என்பதை நான்கைந்து வரிகளில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் குறிப்புகளைப் படித்துப் பார்த்த பிறகே இக்கடையைப் பற்றி எழுதத் தோன்றியது.

காரைக்காலில் அர்செனல் எப்படி வந்தது என்ற கேள்வி இயல்பானது. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய் 1954 வரை அவர்களிடம் இருந்த ஊர் இது. இன்றும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இங்கே வாழ்கின்றன. ஆகவே பிரெஞ்சுக் கழகங்களான பாரிஸ் சான் ஜெர்மனையோ மார்சேயையோ கொண்டாடும் கடை என்றால் பொருத்தமாக இருந்திருக்கும். பாரிஸ் புறநகர் உணவகங்களில் நெடுங்காலம் வேலை பார்த்துத் திரும்பிய உரிமையாளர் இதற்குச் சொல்லும் விளக்கம் ஏற்கத்தக்கதாகவே இருக்கிறது. 1996இல் ஆர்சன் வெங்கர் என்ற பிரெஞ்சுப் பயிற்சியாளர் அர்செனலுக்குப் பொறுப்பேற்றார். அவரைச் சுற்றி பாட்ரிக் வியேரா, இம்மானுவல் பெட்டி, தியரி ஹென்றி, ராபர் பிரேஸ் எனப் பிரெஞ்சு வீரர்கள் அங்கே கூடினார்கள். 1998 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரேசிலுக்கு எதிராக பிரான்ஸ் அடித்த மூன்றாவது கோலுக்குப் பந்தைத் தட்டிக் கொடுத்தவர் வியேரா, அதை வலைக்குள் அனுப்பியவர் பெட்டி. இருவருமே அப்போது அர்செனல் வீரர்கள். பிரான்சில் வாழ்ந்த தமிழருக்கு லண்டன் கழகத்தின் மீது பற்று வர அது போதுமானதாக இருந்திருக்கிறது. 2003–04 லீக் பருவத்தில் 38 ஆட்டங்களில் 26 வெற்றி, 12 சமன், ஒரு தோல்வியும் இல்லை என்று அந்த அணி முடித்த கதையை, கல்லாவில் அமர்ந்தபடி அவர் இன்றும் சலிக்காமல் சொல்லுகிறார். தேநீர் ஆறினாலும் நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சுவரின் இடது ஓரத்தில் தொடங்குவது நல்லது, ஏனெனில் சிறந்த குறிப்புகள் அங்கேதான் இருக்கின்றன. பந்தயக் கார் ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டன் அர்செனல் ஆதரவாளர் ஆனதற்கு அவருடைய அக்காதான் காரணம். ஐந்தாறு வயதில், மற்றப் பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு கழகத்தைச் சொல்ல, இவருக்குச் சொல்ல ஒன்றுமில்லாதிருந்தபோது, அர்செனல் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அக்கா கையில் குத்திக் குத்திப் பழக்கியதாக அவரே கூறியிருக்கிறார். அடுத்தது மோ ஃபரா. 2012 லண்டன், 2016 ரியோ ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்களில் தங்கம் வென்ற அவர், சிறுவனாக இருந்தபோது ஓட்டக்காரர் ஆக விரும்பவில்லை. அர்செனலின் வலப்புறத்தில் ஆடவே விரும்பினார். பிறர் பெயரில் கடத்திவரப்பட்டு, மொழி தெரியாத நாட்டில் வளர்ந்த பிள்ளை அவர் என்பது 2022இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அதையும் சேர்த்து அக்குறிப்பில் எழுதியிருப்பது, எழுதியவர் படத்தை மாட்டியதோடு நில்லாமல் படித்தும் பார்த்திருக்கிறார் என்பதைக் காட்டுகிறது. ஹாக்னியில் பிறந்த நடிகர் இட்ரிஸ் எல்பாவுக்கு இரண்டே வரி. வடக்கு லண்டன் சுற்றுவட்டாரத்தில் பிறந்தவர் அர்செனலை ஆதரிப்பது, மன்னார்குடிக்காரர் ராஜகோபால சுவாமி தேருக்குப் போவதைப் போன்றது; அதற்கு விளக்கம் தேவையில்லை.

அரசியல்வாதிகளின் வரிசையில் உரிமையாளரின் குறும்பு வெளிப்படுகிறது. பிரித்தானியப் பிரதமராக 2024 ஜூலையில் பொறுப்பேற்ற கீர் ஸ்டார்மரையும், அவருக்கு முன் தொழிற்கட்சித் தலைவராக இருந்த ஜெரமி கோர்பினையும் ஒரே படச்சட்டத்துக்குள் அடைத்து மாட்டியிருக்கிறார். கோர்பின் 1983 முதல் இஸ்லிங்டன் வடக்குத் தொகுதியின் உறுப்பினர்; அர்செனலின் அரங்கமும் இஸ்லிங்டனில்தான் உள்ளது. ஸ்டார்மரின் தலைமையில் கட்சியை விட்டு வெளியேற்றப்பட்டு, அதே தொகுதியில் சுயேச்சையாக நின்று 2024 தேர்தலில் அவர் வென்றார். இருவரும் ஒத்துப்போகும் ஒரே பொருள் அர்செனல்தான் என்று கீழே எழுதியிருக்கிறது. ஸ்டார்மர் பல ஆண்டுகளாகப் பருவச் சீட்டு வாங்கிப் பொதுமக்களோடு அமர்ந்து பார்த்தவர். பிரதமரான பின் பாதுகாப்புக் காரணம் காட்டித் தனி மாடத்துக்கு மாறினார். அந்த இடத்தை இலவசமாகப் பெற்றதற்காக எழுந்த கண்டனத்தையும் குறிப்பு மறைக்கவில்லை. காசு கொடுத்து மழையில் நனைந்து பார்த்தவரும், அழைப்பின் பேரில் வந்து உட்காருபவரும் ஒரே மனிதராகவே இருக்க முடியும் என்பதை இந்தப் படத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் நீளமானது ருவாண்டா அதிபர் பால் ககாமே பற்றிய குறிப்பு. 2021 ஆகஸ்டில், முதல் பிரிவுக்கு அப்போதுதான் ஏறி வந்திருந்த பிரென்ட்ஃபோர்டிடம் அர்செனல் 2–0 என்று தோற்றபோது, ஒரு நாட்டின் தலைவர் சாதாரண ரசிகரைப் போலச் சமூக வலைத்தளத்தில் கொதித்தெழுந்து, தரக்குறைவை நாம் ஏற்கக்கூடாது என்று எழுதினார். இதை நகைச்சுவையோடு சொல்லும் குறிப்பு, 2018 முதல் அர்செனல் சட்டையின் கைப்பகுதியில் ருவாண்டாவுக்கு வருமாறு அழைக்கும் விளம்பரம் இடம்பெற்றதை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. வெளிநாட்டு உதவி பெறும் ஏழை நாடு ஒன்று பணக்காரக் கழகத்துக்குப் பணம் கொடுப்பதா என்று பிரித்தானியாவிலேயே கேள்வி எழுந்தது. சுற்றுலாவுக்கான முதலீடு என்று ருவாண்டா பதில் கூறியது. அதிபரின் சொந்தப் பற்றும் அரசின் பணமும் சந்திக்கும் இந்த இடமே இச்சுவரில் மிகவும் சிந்திக்கத்தக்கது. ஸ்டார்மர் விஷயத்தில் காட்டிய நேர்மையை உரிமையாளர் இங்கே காட்டாமல் விட்டிருக்கிறார்.

வலப்பக்கம் போகப்போகச் சுவர் மெலிகிறது. அமெரிக்க இயக்குநர் ஸ்பைக் லீ, இந்தி நடிகர் ரன்வீர் சிங் ஆகியோரின் படங்கள் பெரியவை. குறிப்புகளோ வெறும் புகழுரை. ரன்வீர் சிங் அர்செனல் ரசிகர் என்பது உண்மையே. அதே வேளையில் அவர் இங்கிலாந்தின் உயர்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கின் இந்திய விளம்பரத் தூதராக அமர்த்தப்பட்டவர் என்பதையும் எழுதியிருக்க வேண்டும். ஆதரவாளர் என்பதும் தூதர் என்பதும் வேறு வேறு, இரண்டும் ஒருவரிடமே இருக்கும்போது படிப்பவருக்கு அதைச் சொல்லிவிடுவதே முறை. எனினும் அதிகமானோர் நின்று படம் எடுத்துக்கொள்வது இங்கேதான் என்பதால், வணிகக் கணக்கில் இந்தப் படத்துக்குக் குறையில்லை.

முற்றிலும் ஏற்க முடியாதது எலிசபெத் அரசியாரின் படம். அர்செனலின் புதிய எமிரேட்ஸ் அரங்கத்தை 2006 அக்டோபரில் அவர் திறந்துவைக்க வேண்டியிருந்தது. முதுகு வலியால் வர இயலாமல் கணவர் பிலிப்பை அனுப்பினார். அதற்கு ஈடாக 2007 பிப்ரவரியில் அணியினரைப் பக்கிங்ஹாம் அரண்மனைக்குத் தேநீருக்கு அழைத்தார். இவ்வளவுதான் உறுதியாக நடந்தது. அவர் அர்செனல் ரசிகை என்று செய்தித்தாள்கள் எழுதியதை அரண்மனை உறுதி செய்ததில்லை. விருந்துக்கு அழைத்தவரையெல்லாம் ரசிகராக எண்ணினால் சுவர் போதாது. இதை உரிமையாளரிடம் கூறியபோது, "அண்ணே, குடும்பத்தோட வர்றவங்களுக்கு அந்தச் சுவத்துல தெரிஞ்ச முகம் அது ஒண்ணுதான். அதையும் எடுக்கச் சொல்றீங்களே" என்றார். கடைக்காரர் என்ற முறையில் அவர் சொல்வது சரி. குறிப்பையாவது திருத்தி எழுதலாம்.

அந்த இடத்துக்கு உரியவர் என்று நான் கருதுவது டெனிஸ் காம்ப்டனை. 1947 கோடையில் 3,816 ரன்களும் 18 சதங்களும் குவித்த இங்கிலாந்தின் கிரிக்கெட் வீரர், குளிர்காலத்தில் அர்செனலின் இடப்புறத்தில் ஆடி, 1947–48இல் லீக் பட்டமும் 1950இல் இங்கிலாந்துக் கழகங்களுக்கான எஃப்.ஏ. கோப்பையும் வென்றவர். பிரில்கிரீம் என்ற தலைமுடிப் பூச்சின் விளம்பரத்தில் தலைமுடி மின்னச் சிரித்த முகமும் அவருடையதே. போர்க்காலத்தில் இந்தியாவில் பணியாற்றியபோது, 1944–45 ரஞ்சிக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தூரின் ஹோல்கர் அணிக்காக பம்பாய்க்கு எதிராக ஆட்டமிழக்காமல் 249 ரன் எடுத்தார். ஆனாலும் ஹோல்கர் தோற்றது. கிரிக்கெட் பித்துப் பிடித்த நம் வட்டாரத்தில் அர்செனலை அறிமுகப்படுத்த இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். ஆடியவர்களுக்குச் சுவரில் இடமில்லை, ஆதரித்தவர்களுக்கு மட்டுமே என்பது உரிமையாளரின் கட்டுப்பாடு. கட்டுப்பாட்டை மதிக்கிறேன், அரசியாருக்காக அதை நெகிழ்த்தியவர் காம்ப்டனுக்கும் நெகிழ்த்தலாம்.

பெண்கள் அணியைப் பற்றிச் சுவரில் ஒரு சொல்லும் இல்லை. அர்செனலின் பெண்கள் அணி 2007இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. 2025 மே மாதம் லிஸ்பனில் பார்சிலோனாவை 1–0 என்று வென்று மீண்டும் அதைப் பெற்றது. கல்லூரி மாணவியர் குழுவாக வந்து ஆட்டம் பார்க்கும் கடையில் இந்த விடுபாடு உறுத்துகிறது.

இனி உணவு. மீன் கட்லெட்டைத் தயங்காமல் கேட்கலாம். மீன் முந்திய நாளுடையது அன்று, கிழங்கை அதிகம் சேர்த்து ஏமாற்றுவதில்லை, மிளகும் சோம்பும் அளவாக இருக்கின்றன. பரோட்டா சுமார், சால்னா நன்று. தேநீர் மிகவும் இனிப்பாக இருக்கும் என்பதால் சர்க்கரை குறைத்து என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காபியைத் தவிர்க்கலாம். கும்பகோணத்துக்காரர்கள் இங்கே காபி குடித்துவிட்டு வருத்தப்படுவதைப் பார்த்திருக்கிறேன். ஆட்ட நாட்களில் ஆளுக்கு நூறு ரூபாய்க்காவது சாப்பிட வேண்டும் என்ற விதி நியாயமானதே, ஏனெனில் இரண்டு மணி நேரம் ஓர் இருக்கையைப் பிடித்துக்கொள்கிறோம். ஆனால் அதை வாசலில் எழுதி வைக்காமல் கணக்குத் தீர்க்கும்போது சொல்வது சரியன்று.

திரை தெளிவாக இருக்கிறது. ஒலியைக் குறைக்கச் சொன்னால் குறைக்கிறார்கள். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டங்கள் நமக்குக் குளிர்காலத்தில் இரவு எட்டரை மணிக்கும், அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் மாதங்களில் ஏழரை மணிக்கும் வரும். அவற்றைப் பார்க்க இக்கடை ஏற்றது. அங்கே மாலை ஐந்தரைக்குத் தொடங்குபவை குளிர்காலத்தில் நமக்கு இரவு பதினொன்றுக்கு வருவதால், முதல் பாதியோடு கடையை அடைத்துவிடுகிறார்கள். ஐரோப்பியக் கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக் இரவுகளுக்கு இங்கே வழியில்லை.

சனிக்கிழமை வருபவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். கும்பகோணத்திலிருந்து பேரளம் வழியாக வந்தால் திருநள்ளாற்றைக் கடந்தே காரைக்கால் சேர வேண்டும். சனி பகவானைத் தரிசிக்க வரும் கூட்டம் அன்று சாலையில் நிறைந்திருக்கும். தரிசனம் முடித்துக் கடற்கரை பார்க்கப் போகும் குடும்பங்கள் இக்கடையில் இறங்கித் தேநீர் கேட்பதும், மீன் வாசனை பட்டதும் சைவம் தனியாக உண்டா என்று விசாரிப்பதும், அதே நேரத்தில் அர்செனல் கோல் அடித்துக் கூச்சல் எழுவதும் உண்டு. சைவத்துக்குத் தனி அடுப்பு இருக்கிறது, கேட்டால் காட்டுகிறார்கள். சுவரை நிதானமாகப் படிக்க விரும்புபவர்கள் ஆட்டம் இல்லாத வார நாள் மாலையில் வருவது நல்லது. அப்போது மேசைகளை நகர்த்திக்கொண்டு அருகில் நின்று படிக்க இடம் கிடைக்கும்.