கியர் கழலாத பழைய படகு: சுவிட்சா, கேபிளா, அவுட்போர்டா?

பினாங்கில் பழைய மெர்க்ரூசர் ஆல்ஃபா ஒன் டிரைவ் (எஞ்சின் படகுக்குள், ப்ரொபெல்லரைச் சுற்றும் பகுதி பின்னால் வெளியே) வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும். ஜெட்டியை நெருங்கி நியூட்ரலுக்கு இழுத்தால் எஞ்சின் அணைந்துவிடுகிறது, இல்லையென்றால் கியர் கழலவே மாட்டேன் என்கிறது. (மெர்க்ரூசரின் இன்னொரு வகையான பிராவோ டிரைவில் கூம்பு கிளட்ச், அதன் கதை வேறு.)

ஆல்ஃபாவில் இருப்பது பல் கிளட்ச். சுமை இருக்கும்வரை பற்கள் ஒன்றையொன்று விடாது. அதனால் கியரைக் கழற்றும் நொடியில் தீப்பொறியைத் துண்டிக்க ஒரு சிறிய சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். கேபிளில் இழுப்பு கூடினால் சுவிட்ச் அழுந்தும். பற்கள் விட்டதும் தானே விடுபடும். கேபிள் இறுகிப்போனால் இழுப்பு குறையாது, சுவிட்சும் விடாது. எஞ்சின் நிற்பது அதனால்தான்.

முதல் வழி, அந்தச் சுவிட்சின் ஒயரைக் கழற்றிவிடுவது. ஐந்து நிமிட வேலை. எனக்கும் ஒரு பட்டறையில் அப்படித்தான் செய்து கொடுத்தார்கள். எஞ்சின் அணையவில்லை, சரி. ஆனால் அடுத்த வாரமே ஜெரெஜாக் தீவிலிருந்து பத்து உபான் என்ற கரைப் பக்கம் திரும்பி வரும்போது கியர் முன்னோக்கியே சிக்கிக்கொண்டது. சாவியைத் திருப்பி அணைத்து, கையால் ஜெட்டியைத் தாங்கி நிறுத்தினேன். தங்கை மகன் முன்னால் உட்கார்ந்திருந்தான். நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. போதாததற்கு, சுமையோடு பிடுங்கிப் பிடுங்கியே கிளட்ச் பற்களின் முனை மழுங்கும். இந்த வழி வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, எஞ்சின் பக்கத்திலிருந்து டிரைவுக்குப் போகும் கீழ்க் கேபிளை மாற்றுவது. அதற்கு முன் ஒரு சோதனை. எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, கைப்பிடியிலிருந்து வரும் மேல் கேபிளை எஞ்சின் பக்கம் கழற்றிவிடுங்கள். ஒருவர் ப்ரொபெல்லரைக் கையால் சுற்ற, நீங்கள் கீழ்க் கேபிளை மட்டும் தள்ளி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கோளாறு மேல் கேபிளில். டிரைவைத் தொடவே வேண்டாம். மணலுக்குள் இழுப்பதுபோல் இருந்தால் கீழ்க் கேபிள்தான்.

எனக்கு மாற்றிக் கொடுத்த அண்ணன் பழைய கேபிளை என் கையில் வைத்தார். "வளைச்சுப் பாரு தம்பி" என்றார். வளைத்தேன். உறையில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதிலிருந்து துருநீர் சொட்டியது. அந்த வெடிப்பு படகுக்குள் கடல்நீர் வரும் வழியும்கூட.

டிரைவைக் கழற்றத்தான் அரை நாள் போகிறது. கழற்றிய பிறகு ரப்பர் பெல்லோஸ் (டிரைவுக்கும் படகுக்கும் இடையிலுள்ள மடிப்புக் குழாய்கள்) மூன்றையும் மாற்றாமல் மூடுவது வீண். நம் வெதுவெதுப்பான கடலில், டிரைவை மேலே தூக்கி வைத்தாலும் அந்த ரப்பர் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். மடிப்புகளில் கொட்டலசு (கூரான ஓடுள்ள சிறு கடலுயிரி) ஒட்டி, டிரைவ் திரும்பும்போதெல்லாம் ரப்பரை அறுக்கும். டிரைவுக்குப் போகும் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரத்தால் அதையும் மாற்றுங்கள். கியர் எண்ணெய் பால்நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆல்ஃபாவைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் கியர் முன்னோக்கி இருக்கவேண்டும், பிராவோவுக்கு நியூட்ரல். இதை மறந்து முரட்டுத்தனமாக இழுத்தால் புதுக் கேபிளும் போகும்.

மூன்றாவது, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின். இதன் பலத்தை மறைக்கக் கூடாது. நீர்மட்டத்துக்குக் கீழே டிரைவுக்கென்று ஓட்டையே கிடையாது. முழுசாகத் தூக்கி வைத்தால் கொட்டலசுத் தொல்லையும் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் பின்பலகையைப் பலப்படுத்தி, பழைய ஓட்டையை அடைத்து, பிராக்கெட் கட்டி, கட்டுப்பாடுகளை மாற்றவேண்டும். பாரமும் பின்னால் தள்ளிப்போவதால் படகின் நடையே மாறும்.

எஞ்சினில் உப்புநீர் ஏறி அதன் பிளாக் (இரும்பு உடல்) அரித்துப்போய், பின்பலகையும் ஊறிப்போயிருந்தால் நானும் அவுட்போர்டுக்குத்தான் போவேன். எஞ்சின் நன்றாக இருக்கும்போது ஒரு கேபிளுக்காகப் போகமாட்டேன். என் படகில் கேபிள், பெல்லோஸ் எல்லாம் ஒரே நாளில் மாறின. இப்போது இரண்டு விரலால் இழுத்தாலே நியூட்ரலில் வந்து உட்காருகிறது. சுவிட்சின் ஒயரையும் பழைய இடத்திலேயே மாட்டியாகிவிட்டது.