கலர் கான்ட்ராஸ்ட் அனலைசர்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின் சில சொற்கள்

தம் அலுவலகத்தின் ஆண்டறிக்கையைப் பிடிஎஃப் கோப்பாக வெளியிடவிருக்கும் தோழி ஒருவர், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிறமாறுபாட்டைச் சோதிக்க எந்தக் கருவி நல்லது என்று கேட்டிருந்தார். டிபிஜிஐ நிறுவனம் இலவசமாக வழங்கும் கலர் கான்ட்ராஸ்ட் அனலைசரைத்தான் சில ஆண்டுகளாக நான் பயன்படுத்தி வருகிறேன். இருந்தும் அதன் பெயரை உடனே சொல்ல மனம் வரவில்லை. திரையிலிருந்து நிறத்தை எடுக்கும் ஐட்ராப்பர்தான் காரணம்.

தடித்த தலைப்புகளில் அது சொன்னபடி கேட்கும். பத்துப் புள்ளி அளவில், மெல்லிய கோடுகள் கொண்ட தமிழ் எழுத்துருவில் அமைந்த பத்தியில் வைத்தால் கதையே வேறு. எழுத்தின் விளிம்பு வழவழப்பாகத் தெரிவதற்காகக் கணினி அங்கே எழுத்தின் நிறத்தையும் தாளின் நிறத்தையும் கலந்து வைக்கிறது; ‘ண’வின் சுழிகளுக்குள் முழு நிறம் கொண்ட பிக்சல் ஒன்றுகூடக் கிடைக்காமல் போவதுண்டு. வெள்ளைப் பின்னணியில் 7:1 என்ற மாறுபாட்டு விகிதம் பெறும் #595959 என்ற சாம்பல் நிறம், விளிம்பில் சொடுக்கினால் சாதாரண அளவு எழுத்துக்கு வேண்டிய 4.5:1க்கும் கீழே இறங்கித் தோல்வி என்று காட்டப்படும். விண்டோஸில் எழுத்தை வழவழப்பாக்கும் கிளியர்டைப் வசதி இயங்கினால் சாம்பலுக்குப் பதில் செம்பழுப்பும் நீலமும் கையில் சிக்கும். பக்கத்தை 600 விழுக்காடு பெரிதாக்கி, கோட்டின் நடுவில் சொடுக்கி, மறுபடி சிறிதாக்கி, விட்ட இடத்தைத் தேடி அடுத்த சொல்லுக்குப் போக வேண்டும். நீண்ட அறிக்கை என்றால் பொறுமை போய்விடுகிறது.

நியாயமாகப் பார்த்தால் இதில் கருவியைக் குறை சொல்ல இடமில்லை. திரையில் உள்ளதை அது உள்ளபடி படிக்கிறது; விளிம்பு வழவழப்பை நீக்கிவிட்டே எழுத்தின் மாறுபாட்டை மதிப்பிடலாம் என்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வழிகாட்டுதலே சொல்கிறது. மேலும், பிடிஎஃப் மென்பொருளான அக்ரோபாட்டில் மாற்றுத்திறனாளிகளும் கோப்பைப் படிக்க இயலுமா என்று பார்க்கும் அணுகல் சோதனை நிறமாறுபாட்டை எப்போதும் ‘நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று நம்மிடமே தள்ளிவிடும் நிலையில், ஒளிப்படத்தின் மேல் அச்சிட்ட வரி, வரைபடத்தின் கோடு என்று திரையில் தெரியும் எதையும் அளக்க இந்தச் சிறு சாளரம்தான் கைகொடுக்கிறது. நிறத்தை நகர்த்த நகர்த்த விகிதம் உடனுக்குடன் மாறுவதைப் பார்ப்பதில் எனக்கு இன்றும் அலுப்பில்லை. முக்கிய அறிவிப்புக்கென்று எல்லோரும் ஓடிப்போய் எடுக்கும் கலப்பில்லாத சிவப்பு, வெள்ளைத் தாளில் ஏறத்தாழ 4:1தான் பெறுகிறது. அதாவது சாதாரண அளவு எழுத்துக்குத் தேறாது. #767676 தேறுகிறது, #777777 தேறவில்லை; எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் எங்காவது ஒரு கோடு கிழித்துத்தானே ஆக வேண்டும்.

பெரிய எழுத்துக்கு 3:1 போதும் என்று டபிள்யூ3சியின் வழிகாட்டுதல் தரும் சலுகையை மட்டும் தமிழுக்கு நான் எடுத்துக்கொள்வதில்லை. 18 புள்ளி, தடித்ததென்றால் 14 புள்ளி என்ற அந்த வரையறை சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துருக்களுக்கு இணையான அளவைப் பேசுகிறது. நம் எழுத்தின் நெரிசலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

தோழிக்கு எழுதிய பதில் இது: உங்கள் அறிக்கையில் இருப்பது நாலைந்து நிறங்கள்தான், வடிவமைத்தவரிடம் நிறக் குறியீடுகளைக் கேட்டு வாங்கி நேரடியாகத் தட்டச்சு செய்து பாருங்கள், ஐட்ராப்பர் பக்கமே போகாதீர்கள். மூலக் கோப்பு இல்லாமல் வந்து சேரும் பிடிஎஃப்களைச் சோதிக்கும் எனக்கு அந்த வசதி இல்லை என்பதால் இக்கருவியை நீக்கும் எண்ணமும் இல்லை. ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால், இன்றைய எரிச்சலில் இரண்டுதான்.