அரையாண்டு விடுமுறை: ஊட்டி உறைபனியா, வேடந்தாங்கல் நாரையா, மொட்டை மாடி வானமா?

அரையாண்டுத் தேர்வு முடிந்து, கிறிஸ்துமஸுக்கு முன்னால் பள்ளிக்கூடம் மூடியதும் சென்னைக் குடும்பங்களில் பேச்சு தொடங்கிவிடும்: பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம்? மே மாதம் என்றால் யோசிக்கவே வேண்டாம், வெயிலுக்குத் தப்பினால் போதும் என்று ஏதாவது ஒரு மலையில் ஏறிவிடுவோம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் அந்த நெருக்கடி இல்லை. மழை ஓய்ந்து, காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைகிற அளவுக்குச் சென்னையே இதமாகிவிடுகிறது. இதம் வேண்டும் என்பதற்காக மட்டும் காசு செலவழித்து வெளியூர் போக வேண்டியதில்லை.

அதனால் நான் ஒரே ஒரு அளவுகோலைத்தான் வைத்துக்கொள்கிறேன். மற்ற மாதங்களில் போனால் கிடைக்காத எது இப்போது கிடைக்கிறது? இப்படிக் கேட்டால் பட்டியலில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும். வண்டலூர் உயிரியல் பூங்கா நல்ல இடம்தான், ஆனால் அதே சிங்கத்தை ஆகஸ்டிலும் பார்க்கலாம். ஈசிஆர் பக்கம் உள்ள செயற்கைப் பனி அரங்கம் வருஷம் முழுக்கத் திறந்திருக்கும், அதற்குப் பொருத்தமான மாதம் மே. மால்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மிச்சம் நிற்பவை ஊட்டியின் உறைபனி, வேடந்தாங்கலின் பறவைகள், கடற்கரைக்கு முட்டையிட வரும் ஆமைகள், அப்புறம் யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று, இரவு வானம்.

ஊட்டியை முதலில் எடுத்துக்கொள்வோம், எல்லா வீட்டிலும் முதலில் எழும் பெயர் அதுதான். டிசம்பரில் ஊட்டிக்குப் போகிற பெரும்பாலான குடும்பங்கள் மே மாதத்து ஊட்டியைத்தான் தேடிப் போகின்றன: தாவரவியல் பூங்கா, படகு, தொட்டபெட்டா, சாக்லேட் கடை. மலர்க் கண்காட்சி மே மாதத்தில்தான் நடக்கும். டிசம்பரில் பூங்கா அவ்வளவு பகட்டாக இருக்காது. இந்த மாதத்துக்கென்றே உள்ளது உறைபனி. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், மேகமும் காற்றும் இல்லாத இரவில், நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சில்லிட்டுப் போகிறது. கனமான குளிர்காற்று பள்ளத்தில் போய்த் தங்குகிறது. விடியும்போது தலைகுந்தா, காந்தல் பக்கத்துப் புல்வெளிகள் வெள்ளையாகக் கிடக்கும். கார் கண்ணாடியிலும் பைக் சீட்டிலும் படிந்திருக்கும் பனியைப் பிள்ளைகள் விரலால் சுரண்டிப் பார்க்கலாம். தென்னிந்தியக் குழந்தைக்கு இயற்கையான பனியைத் தொட்டுப் பார்க்க இதைவிடப் பக்கத்தில் வேறு வாய்ப்பு அதிகமில்லை.

ஆனால் இதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, மேகம் இருந்தால் உறைபனி இல்லை. வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால் போதும், ஊட்டி மூடுபனியிலும் தூறலிலும் மூழ்கிவிடும். குளிரும், ஆனால் வெள்ளைப் புல்வெளி கிடைக்காது. இரண்டு, வெயில் ஏறினால் எல்லாம் கரைந்துவிடும். ஆறரை மணிக்குப் பிள்ளையைப் போர்வைக்குள்ளிருந்து எழுப்பி, ஸ்வெட்டர் மாட்டி, வண்டியில் ஏற்றத் தயாராக இருக்கும் பெற்றோருக்குத்தான் இந்தப் பனி. ஒன்பது மணிக்கு ஓட்டலில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் பார்ப்பது ஈரப் புல்லை மட்டுமே.

ஊட்டிக்கு ஆதரவாக இன்னொரு பெரிய வாதம் மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தின் நடுவில் பற்கள் கொண்ட இருப்புப்பட்டை ஓடுகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, பின்னாலிருந்து ரயிலைத் தள்ளி ஏற்றும். 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் வந்த இந்தப் பாதை 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடிகாலை மேட்டுப்பாளையம், அங்கே 7 மணி வாக்கில் மலை ரயில். காகிதத்தில் அழகான திட்டம். நடைமுறையில், மேலே ஏற ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். எட்டு வயதுக்கு மேற்பட்ட, எதையும் பிரித்துப் பார்க்கிற பிள்ளைக்கு அது சொர்க்கம். நாலு வயதுப் பிள்ளை இரண்டாவது குகையில் கத்தி மகிழ்ந்துவிட்டு, ஐந்தாவது குகையில் "எப்போ இறங்குவோம்?" என்று கேட்கும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் குன்னூர்–ஊட்டி பகுதி மட்டும் போதும். ஒன்றேகால் மணி நேரம்தான், குகையும் பாலமும் தேயிலைத் தோட்டமும் அதிலும் உண்டு. பல்சக்கரம் மட்டும் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு பக்கம் மண் சரிந்து தண்டவாளம் மூடிப்போய் ரயில் ரத்தாவது அடிக்கடி நடப்பதுதான். அதனால் ரயிலை நம்பிப் போகிறவர்களுக்கு டிசம்பரைவிட ஜனவரி மேல்.

சாலையில் போனால் குன்னூர் வழியாக 14 கொண்டை ஊசி வளைவுகள். எந்தப் பிள்ளை எங்கே வாந்தி எடுக்கும் என்று பெற்ற தாய்க்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை உண்டு, எவர்சில்வர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை அறை வாடகை எகிறி நிற்கும். அதே அறை ஜனவரி இரண்டாம் வாரத்தில் இறங்கி வரும்.

இப்போது வேடந்தாங்கல். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் திரும்ப வேண்டும். மதியம் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேரலாம். அறை வேண்டாம், ஸ்வெட்டர் வேண்டாம், இ-பாஸ் வேண்டாம். செலவிலும் அலைச்சலிலும் ஊட்டி இதன் பக்கத்தில்கூட வர முடியாது. அப்படியிருந்தும் பலர் ஒருமுறை போய்விட்டு "ஒண்ணுமே இல்லை" என்று திரும்புகிறார்கள். காரணம் பெரும்பாலும் நேரம்தான். பகல் 12 மணிக்குப் போனால் பாதிப் பறவைகள் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் இரை தேடப் போயிருக்கும். போக வேண்டியது மாலை 4 மணிக்கு. ஐந்திலிருந்து ஆறு வரை அவை கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்து, தண்ணீரில் நிற்கும் கடப்ப மரங்களில் இடம் பிடிக்கச் சண்டை போடும். குழந்தைக்குப் புரிகிற நாடகம் அது. இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி வரும் நாரையைப் பார்த்தால் சென்னையில் பார்க்கிங் தேடும் அப்பா நினைவுக்கு வருவார்.

பிள்ளைகளிடம் "பறவைகளைப் பார்" என்று பொதுவாகச் சொன்னால் பத்து நிமிஷத்தில் சலித்துவிடும். தேடச் சொல்லுங்கள். அலகின் நடுவில் இடைவெளி உள்ள நத்தைகுத்தி நாரை எங்கே? அலகு முனை கரண்டி மாதிரி தட்டையாக இருக்கும் கரண்டிவாயன் எது? உடம்பைத் தண்ணீருக்குள் மறைத்து, கழுத்தை மட்டும் பாம்பு போல நீட்டி நீந்தும் பாம்புத்தாராவை முதலில் கண்டுபிடிப்பது யார்? மஞ்சள்மூக்கு நாரைக்குக் குரல் கிட்டத்தட்ட இல்லை, அலகைத் தட்டித்தான் ஓசை எழுப்பும். ஜனவரியில் கூடுகளில் குஞ்சுகளும் தெரியும், ஊட்டும் காட்சியும் கிடைக்கும். பைனாகுலரை ஐந்து வயதுக்குள் இருப்பவர்களால் சரியாகப் பிடிக்க முடியாது, அவர்களுக்கு நாரையும் கூழைக்கடாவும் வெறுங்கண்ணுக்கே பெரிதாகத் தெரியும்.

அங்கே போகிறவர்களில் பலர் எல்லாப் பறவையும் சைபீரியாவிலிருந்து வந்தது என்று பிள்ளைகளிடம் சொல்வதைக் கேட்கலாம். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்ற வாத்துகள் வடக்கே வெகு தூரத்திலிருந்து வருபவைதான். கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நாரைகளும் நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் நம் நாட்டுப் பறவைகள், தண்ணீரைப் பார்த்து இடம் மாறுபவை.

அந்த ஊரின் கதையையும் சொல்லுங்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்ட கிராமத்தார் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அவற்றைக் காத்துவருகிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது முறையிட்டு, 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்புக்கான உரிமையை எழுதி வாங்கினார்கள். பக்கத்து மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில் கதையில் வருபவரும் இதே பிளேஸ் துரைதான். மழையில் ஏரிக்கரை உடையாமல் ராமரும் லட்சுமணரும் காவல் நின்றதைக் கண்டு தாயார் சந்நிதி கட்டிக் கொடுத்தார் என்பது ஊர் வழக்கு. கோயிலையும் பார்த்துவிட்டுப் பறவைகளுக்குப் போனால் ஒரு நாள் நிறைவாகிவிடும். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு 10 கிலோமீட்டருக்குள் கரிக்கிலி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. இரண்டுமே 2022-ல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை.

வேடந்தாங்கலின் பலவீனம் மழை. வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருஷம் ஏரியில் தண்ணீர் இருக்காது, பறவையும் இருக்காது. ஊட்டிக்கு மழை பெய்தால் கேடு, வேடந்தாங்கலுக்குப் பெய்யாவிட்டால் கேடு. நவம்பரில் வீட்டு வாசலில் தண்ணீர் நின்றதா என்று யோசித்துப் பார்த்தாலே எந்தப் பக்கம் போகலாம் என்று பாதி முடிவு செய்துவிடலாம்.

பூநாரை வேண்டும் என்று பழவேற்காட்டுக்குக் கிளம்புகிறவர்களும் உண்டு. அவை பெரும்பாலும் கரையிலிருந்து வெகு தூரத்தில் நிற்கும், பக்கத்தில் போகப் படகு வேண்டும் என்று ஆசை வரும். 2011 கிறிஸ்துமஸ் நாளில் அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பிள்ளைகளோடு போய் அங்கே படகு ஏற வேண்டாம், அவ்வளவுதான்.

ஆமை நடை வேறு ரகம். ஜனவரி முதல் மார்ச் வரை, நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரையிலான கடற்கரையில் மாணவர் அமைப்பு ஒன்று முட்டையிட வரும் ஆமைகளைத் தேடி 1988 முதல் நடந்துவருகிறது. வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். நள்ளிரவை ஒட்டித் தொடங்கி, மணலில் சுமார் 7 கிலோமீட்டர் நடந்து, விடியும் முன் முடியும். இங்கே வரும் பங்குனி ஆமை ஒரு குழியில் நூறு முட்டைகள் வாக்கில் இடும். அவற்றை எடுத்துப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் புதைப்பார்கள். மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது முடிவாகும். இதைக் கேட்ட பதினோரு வயதுப் பிள்ளை அடுத்த ஒரு வாரம் கேள்வி கேட்டே கொல்லும். ஆனால் ஆமையைப் பார்ப்போம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இறந்து ஒதுங்கிய ஆமையைப் பார்க்க நேரலாம், 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. மூச்சு விட மேலே வர வேண்டிய உயிர், இழுவலையில் சிக்கினால் மூழ்கிச் சாகிறது. அதைப் பார்த்துப் பேசத் தயாரான வயதா என்பதைப் பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும். பத்து வயதுக்குக் கீழே நான் அழைத்துப் போகமாட்டேன். அவர்களுக்கு மார்ச், ஏப்ரல் மாலைகளில் குஞ்சுகளைக் கடலில் விடும்போது காட்டலாம்.

கடைசியாக மொட்டை மாடி. டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகற்கள் உச்சத்தில் இருக்கும். சோதனையாக அது அரையாண்டுத் தேர்வு நேரம், சென்னை வெளிச்சத்தில் பாதிக்கு மேல் தெரியவும் தெரியாது. அதைவிடக் கைக்கெட்டியது, விடுமுறையில் இரவு எட்டு மணிக்குக் கிழக்கே பார்ப்பது. கொத்தாகக் கார்த்திகை, அதற்குக் கீழே ரோகிணி, இன்னும் கீழே செம்மையாகத் திருவாதிரை. பாட்டியின் நட்சத்திரம் ரோகிணி என்றால் அதைக் கையால் காட்டலாம். ஆருத்ரா தரிசனத்தன்று முழுநிலா திருவாதிரை பக்கமாகத்தான் நிற்கும். களி கிண்டிய கையோடு மாடிக்கு ஏறினால் போதும். செலவு ஒரு பாய்.

சரி, எதற்கு ஓட்டு? வீட்டில் மூத்தது பதினொன்று, இளையது நாலு என்று வைத்துக்கொண்டால் என் முடிவு வேடந்தாங்கல்தான். இரண்டு வயதையும் ஒரே மாலையில் சமாளிக்கும் இடம் வேறில்லை. எல்லாப் பிள்ளைகளும் எட்டைத் தாண்டியிருந்தால், மூன்று நாள் விடுப்பும் கிடைத்தால், ஊட்டி. ஆனால் புத்தாண்டு கழிந்து, ஜனவரியில். மலை ரயிலுக்கு முன்பதிவு 60 நாளுக்கு முன்பே தொடங்கிவிடும், வார இறுதி இருக்கைகள் மளமளவென்று தீரும். ஜனவரியில் நந்தனத்தில் சென்னைப் புத்தகக் காட்சி நடந்தால் பயணம் போகும் முன் ஒரு பறவைப் புத்தகம் வாங்கிவிடுங்கள், 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. எந்த இடமானாலும் காணும் பொங்கலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்று வேடந்தாங்கலில் பறவைகளைவிட மனிதர்கள்தான் அதிகம்.