பெயர், எண், வெறும் உலோகம்: எந்தப் பதக்கம் நம்மைச் சிப்பாயிடம் கொண்டுசேர்க்கும்?

பதக்கம் சேர்க்கப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முன்பக்கத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். சிலுவை, நட்சத்திரம், அரசரின் முகம், சிவப்பு எனாமல் என்று கண்ணைப் பறிப்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதை நெஞ்சில் குத்தியிருந்த ஆள் யார் என்று தேடிப்போகும் ஆசை இருந்தால், விளிம்பையும் பின்பக்கத்தையும் பார்க்கப் பழக வேண்டும். அங்கே ஒரு பெயர் இருக்கலாம், ஒரு எண் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். விலையைவிட, அரிதா இல்லையா என்பதைவிட, இந்த வித்தியாசம்தான் முக்கியம் என்பது என் கட்சி.

பெயர் உள்ளவை: பிரிட்டிஷ் பதக்கங்கள்

1815 வாட்டர்லூ பதக்கத்திலேயே சாதாரணச் சிப்பாயின் பெயரையும் விளிம்பில் பதித்துக் கொடுத்தார்கள். அந்த வழக்கம் முதல் உலகப் போர் வரை தொடர்ந்ததால், இன்று ஒரு சேகரிப்பாளருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. அந்தப் போருக்கான வெள்ளிப் பதக்கம் ஏறத்தாழ 65 லட்சம் அச்சாயிற்று. எண்ணிக்கை அதிகம் என்பதால் 'இது எல்லாரிடமும் இருக்கிறதே' என்று ஒதுக்குபவர்கள் உண்டு. முகம் சுளிக்க வேண்டியதில்லை. பதக்கம்தான் லட்சக்கணக்கில் இருக்கிறது, அதன் விளிம்பில் இருக்கும் மனிதர் ஒருவர்தான்.

விளிம்பை லென்ஸ் வைத்துப் படித்தால் படை எண், பதவி, முன்னெழுத்து, குடும்பப்பெயர், ரெஜிமென்ட் என்று வரிசையாக வரும். 1914-15 ஆண்டுகளில் களத்துக்குப் போனவர்களுக்குக் கொடுத்த 1914-15 நட்சத்திரமும் கூடவே கிடைத்தால் இன்னும் சுவை. நட்சத்திரத்தின் பின்பக்கத்தில் இருப்பது அவர் போர்க்களத்துக்குப் போனபோது இருந்த பதவி. வெள்ளிப் பதக்கத்தில் இருப்பது பொதுவாகப் போர்க்களத்தில் அவர் எட்டிய உயர்ந்த பதவி. நட்சத்திரத்தில் சாதாரணச் சிப்பாய், வெள்ளியில் சார்ஜென்ட் என்று இருந்தால், இடைப்பட்ட மூன்று நான்கு வருடங்களில் அவருக்கு மேலே இருந்தவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் ரெஜிமென்டை நம்பி ஏமாறக் கூடாது. அது பெரும்பாலும் அவர் முதலில் களமிறங்கிய படைப்பிரிவு. செத்தது வேறொரு பிரிவில் இருந்தபோதாக இருக்கலாம்.

படை எண்ணிலும் சிக்கல் உண்டு. 1920க்கு முன் ஒரே எண் பல ரெஜிமென்ட்களில் பல பேருக்கு இருந்தது. டெரிட்டோரியல் ஃபோர்ஸ் எனப்படும் பகுதிநேரப் படையினருக்கு 1917 தொடக்கத்தில் ஆறு இலக்கத்தில் புது எண்ணே கொடுத்துவிட்டார்கள். எண்ணை மட்டும் வைத்துத் தேடாமல், எண்ணையும் ரெஜிமென்டையும் சேர்த்தே தேட வேண்டும்.

ஆவணங்கள் எப்படி? பதக்கம் பெற்றவர்களின் குறிப்பு அட்டைகள் பெரும்பாலும் பிழைத்து, லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆனால் சிப்பாய்களின் பணிக் கோப்புகளில் ஏறத்தாழ 60 சதவீதம் 1940 செப்டம்பரில் குண்டுவீச்சுத் தீயில் எரிந்துபோனது. ஆக, உங்கள் ஆளின் கோப்பு கிடைக்கும் வாய்ப்பு பாதிக்கும் குறைவு. கோப்பு இல்லையென்றால் படைப்பிரிவின் போர் நாட்குறிப்பு இருக்கிறது. அதில் அதிகாரிகளின் பெயர் வரும், சிப்பாய்கள் பெரும்பாலும் 'இத்தனை பேர் காயம்' என்ற எண்ணிக்கைக்குள் அடங்கிவிடுவார்கள்.

இந்தியப் படைகளுக்குக் கொடுத்தவற்றிலும் பெயர் உண்டு. ஒரே பெயர் ஆயிரம் பேருக்கு இருப்பதால் இங்கே எண்ணும் ரெஜிமென்டும்தான் பிடி. பஞ்சாபிலிருந்து போன ஏறத்தாழ 3,20,000 பேரின் விவரங்கள் அடங்கிய பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகள் தூங்கிக்கிடந்து, 2021இல்தான் இணையத்துக்கு வரத் தொடங்கின. பஞ்சாபிச் சிப்பாயின் பதக்கத்தைப் பல காலமாக வைத்துக்கொண்டு விழித்தவர்களுக்கு இது பெரிய திறப்பு.

போலிகளைவிட இங்கே பயப்பட வேண்டியது பெயர் மாற்றப்பட்டவற்றுக்குத்தான். பழைய பெயரை அரம் வைத்துத் தேய்த்து, விலை போகும் ரெஜிமென்டை ஏற்றியிருப்பார்கள். தேய்த்தால் குறுக்களவு குறையும். இந்த வெள்ளிப் பதக்கம் 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அளவுகோல் வைத்து நாலு பக்கமும் பாருங்கள். எழுத்து இயந்திரத்தால் அழுத்திப் பதித்ததாக இல்லாமல் கையால் செதுக்கியதாகத் தெரிந்தாலும் ஒதுங்கிவிடலாம்.

எண் உள்ளவை: சோவியத் விருதுகள்

1930இல் தொடங்கிய செந்நட்சத்திர விருதை எடுத்துக்கொள்வோம். வெள்ளியில் செய்து சிவப்பு எனாமல் பூசிய நட்சத்திரம், நடுவில் நீண்ட மேலங்கியும் துப்பாக்கியுமாக ஒரு வீரர். திருப்பினால் நாணயச்சாலையின் முத்திரையும், செதுக்கிய ஒரு எண்ணும், திருகாணியும். பெயர் இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் ரஷ்ய எழுத்து 'தே' இருந்தால், தொலைந்ததற்குப் பதிலாக வாங்கிய நகல் என்று அர்த்தம்.

அந்த எண்ணைப் பெயராக மாற்றிவிட்டால், பிரிட்டிஷ் பதக்கம் தராத ஒன்றை இது தரும். விருதுக்குப் பரிந்துரைத்த தளபதி, இந்த ஆள் இந்த நாளில் இந்த ஊருக்கு வெளியே இதைச் செய்தார் என்று எழுதிவைத்த தாள் பெரும்பாலும் இருக்கும். போர்க்கால விருது ஆவணங்களை ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் இணையத்திலேயே போட்டிருக்கிறது. ஆனால் அங்கே பெயரை வைத்துத்தான் தேட முடியும், விருது எண்ணை வைத்து அல்ல. எனவே விருதோடு வந்த சிறு புத்தகம் கூட இருந்தால் வாங்குங்கள், தனி நட்சத்திரம் என்றால் யோசியுங்கள். ரஷ்யாவுக்குள் இவற்றை விற்பதும் வாங்குவதும் குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொரு கண்ணி: 1944 முதல் 1957 வரை இதே செந்நட்சத்திரத்தை 15 வருடப் பணிக்காகவும் கொடுத்தார்கள். போர்க்களத்தில் சம்பாதித்தது என்று நினைத்து வாங்கியது, அலுவலக நாற்காலியில் சம்பாதித்ததாக இருக்கலாம். தாய்நாட்டுப் போர் விருதிலும் இதே கதைதான். வெற்றியின் 40ஆம் ஆண்டை ஒட்டி 1985இல் உயிரோடிருந்த முன்னாள் வீரர்களுக்குப் பெரிய அளவில் கொடுத்தது ஒரு வகை, 1942 முதல் களத்தில் கொடுத்தது இன்னொரு வகை. விலையும் வேறு, கதையும் வேறு.

எதுவும் இல்லாதவை: இரும்புச் சிலுவை

ஜெர்மனியின் விருது இது. அழகில் இதை அடிக்க ஆளில்லை. ஆராய்ச்சியில் கடைசி இடம். 1914 இரண்டாம் வகுப்புச் சிலுவை பல லட்சக்கணக்கில் கொடுக்கப்பட்டது, பெயரும் கிடையாது எண்ணும் கிடையாது. சிலவற்றில் தொங்கவிடும் வளையத்தில் செய்தவரின் குறி மட்டும் இருக்கும். நடுப்பகுதி இரும்பு என்பதால் காந்தம் ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் உடனே சந்தேகப்படலாம், ஒட்டிவிட்டால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது.

ஆவணப் பக்கமும் சோகம்தான். பிரஷ்யப் படையின் காப்பகம் 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் குண்டுவீச்சில் அழிந்தது. பவேரியப் படையின் ஆள்பட்டியல்கள் மட்டும் மியூனிக்கில் தப்பின. அதனால், பவேரியச் சிப்பாயின் பெயரோடு விருதுச் சான்றிதழ் சேர்ந்து வந்தால் வாங்கலாம். அப்போதுகூட நீங்கள் காசு கொடுப்பது காகிதத்துக்குத்தான்.

போரில் காயமடைந்தவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் கொடுக்கும் அமெரிக்க பர்ப்பிள் ஹார்ட் இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. இறந்தவரின் குடும்பத்துக்கு அனுப்பியவற்றில் பெயர் செதுக்கியது உண்டு, உயிரோடு வாங்கியவர்களுக்குப் பல வெறுமையாகவே போயின. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸில் உள்ள ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் அமெரிக்கப் படையினரின் 1.6 கோடிக்கும் மேற்பட்ட பணிக் கோப்புகள் அழிந்தன. இறந்தவர்களுக்கான தனிக் கோப்புகள் வேறிடத்தில் இருந்ததால் பிழைத்தன. பெயர் செதுக்கிய ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

தனியா, தொகுதியா

கையில் இருக்கும் பணத்துக்கு ஒரே ஆளின் பதக்கங்கள் சேர்ந்த ஒரு தொகுதி வாங்குவதா, நாலு தனிப் பதக்கம் வாங்குவதா? நான் தொகுதி பக்கம். ஆனால் இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் நட்சத்திரங்கள் பெயரில்லாமல் கொடுக்கப்பட்டவை. எவரும் நாலை எடுத்து ஒரு கம்பியில் கோத்து 'ஒரே ஆளுடையது' என்று விற்கலாம். ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் தங்கள் வீரர்களுக்குப் பெயர் பொறித்தே கொடுத்தன, அவை என்றால் நம்பலாம். 1980ஐ ஒட்டி வெள்ளி விலை எகிறியபோது ஏராளமான முதல் போர் வெள்ளிப் பதக்கங்கள் உருக்கப்பட்டன. அவற்றின் ஜோடியான வெண்கல வெற்றிப் பதக்கங்கள் தனியாக நிற்கின்றன. அந்தத் தனிப் பதக்கத்தைத் தாழ்வாகப் பார்க்க வேண்டாம். அதே பெயர், அதே எண், குறைந்த விலை.

கடைசியாக, முதல் உலகப் போரில் இறந்தவரின் குடும்பத்துக்குப் பிரிட்டன் கொடுத்த வெண்கல நினைவுத் தகடு. சுமார் 12 சென்டிமீட்டர் அகலம், முழுப் பெயர் மட்டும் இருக்கும், பதவியும் ரெஜிமென்டும் வேண்டுமென்றே விட்டுவிடப்பட்டன. ஜான் ஸ்மித் என்றால் தொடாதீர்கள், நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அரிதான குடும்பப்பெயரும் இரண்டு மூன்று முன்பெயர்களும் இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் ஒரே ஒருவர் நிற்பார், கல்லறை இடத்தோடு. அப்படி ஒன்று கிடைத்தால் நான் இரும்புச் சிலுவையை விட்டுவிட்டு அதைத்தான் எடுப்பேன்.