கார் பெயர் மாற்றம்: அப்பா இருக்கும்போதா, வாரிசாகவா?

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. காரை ஓட்டுவதும் சர்வீஸுக்கு விடுவதும் பிள்ளைகள்தான். ஆர்.சி. (பதிவுச் சான்று) மட்டும் அவர் பெயரிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் பல வீடுகளில் இதுதான் நிலை. எங்கள் வீட்டில் அப்பா இருக்கும்போதே காரை என் பெயருக்கு மாற்றிக்கொண்டோம். சித்தப்பாவின் கார் அவர் காலமான பிறகு மாறியது. அதற்காக அலைந்தவர்களில் நானும் ஒருவன். இரண்டையும் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், முதல் வழியைத்தான் தயங்காமல் சொல்வேன்.

படிவங்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. உரிமையாளரே மாற்றித் தந்தால் படிவம் 29, 30. அவர் இறந்திருந்தால் படிவம் 31. ஆர்.சி., நடப்புக் காப்பீடு, புகைச் சான்று, முகவரிச் சான்று இரண்டுக்கும் பொது. வண்டிக் கடன் இருந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்குவதற்கான படிவம் 35உம் சேரும்.

உண்மையான வேறுபாடு கையெழுத்தில்தான். அப்பா இருந்தால் ஒருவர் கையெழுத்து போதும். அவர் போன பிறகு அந்த ஒரு கையெழுத்துக்கு ஈடாக எல்லா வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். முதலில் இறப்புச் சான்றிதழ், பிறகு இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம், வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரணை, கடைசியில் தாசில்தார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆண் ஒருவரின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மக்களோடு அவருடைய தாயும் உண்டு. பலர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. சித்தப்பா விஷயத்தில் வெளிநாட்டில் இருந்த மகளின் சம்மதக் கடிதத்துக்குக் காத்திருந்தோம். பாட்டியிடமும் போனோம். மகனைப் பறிகொடுத்த தாயிடம், அவன் காரை மாற்ற ஆட்சேபணை இல்லை என்று கைநாட்டு வாங்குவது எவ்வளவு கொடுமை! சித்தப்பா இருந்தபோது ஒரு முற்பகலில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

காலக்கெடுவும் அந்த வீட்டின் துக்கத்துக்காகக் காத்திருக்காது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, இறப்பை 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 31-ஐ மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். காப்பீடும் இறந்த நாளிலிருந்து மூன்று மாதமோ பாலிசி முடியும் நாளோ, எது முந்துகிறதோ அதுவரைதான் தாங்கும். இதற்குள் ஆர்.சி.யில் ஒரு இனிஷியலும் இறப்புச் சான்றிதழில் வேறொன்றும் இருப்பது தெரிய வந்தால், திருத்திக் கொடுக்க அந்த மனிதர் இல்லை. விண்ணப்பத்துக்கான ஓடிபி அவருடைய பழைய கைபேசி எண்ணுக்குப் போகும். அந்த சிம்மை மட்டும் அவசரப்பட்டு ரத்து செய்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்.சி.யில் பெயரும் செல்லுபடியாகும் உரிமமும் உள்ளவருக்குத்தான் பொருந்தும். தினமும் ஓட்டுகிற மகளுக்கு அப்பா பெயரில் உள்ள அந்தப் பாதுகாப்பு உதவாது.

வாரிசு வழிக்கும் ஒரு சாதகம் இருக்கிறது. நோ கிளெய்ம் போனஸ், அதாவது காப்பீட்டில் இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் கழிவு, வண்டியைச் சேர்ந்ததல்ல, ஆளைச் சேர்ந்தது. அப்பா உயிரோடு மாற்றித் தந்தால் அது அவரிடமே தங்கிவிடும். நாம் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். இறப்புக்குப் பிறகு மாறினால் மனைவி, மக்கள், பெற்றோருக்கு அது கிடைக்கும். நம் வண்டியின் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் வரை கழிவு என்பது சிறிய தொகை அல்ல. ஆனாலும் மேலே சொன்ன அலைச்சலுக்கு அது ஈடாகாது என்பதே என் கணக்கு.

‘எப்படியும் விற்கத்தான் போகிறோம், நேராக வாங்குபவர் பெயருக்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று படிவங்களில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இறந்தவர் கையெழுத்தால் விற்பனை நடக்காது; வண்டி முதலில் வாரிசு பெயருக்கு வர வேண்டும். விபத்து நடந்தால் பதிவில் உள்ளவரே உரிமையாளராகக் கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

அப்பா இன்னும் ஆசையாக ஓட்டிக்கொண்டிருந்தால், பெயரை மாற்றச் சொல்லி அவரை நோகடிக்க வேண்டியதில்லை. 2021இல் வந்த திருத்தத்தின்படி ஆர்.சி.யிலேயே நாமினியைச் சேர்க்கலாம், பிறகு மாற்றியும் கொள்ளலாம். இந்த வழியில் நான் போனதில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். சித்தப்பா வீட்டில் பட்ட அவதியில் பெரும்பகுதியை அது குறைத்திருக்கும் என்று மட்டும் தோன்றுகிறது. எந்த வழியானாலும் உடன்பிறந்தவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நான் அக்காவிடம் கேட்ட பிறகுதான் அப்பாவிடம் படிவத்தை நீட்டினேன்.