குவாங்ஜோ ஒயிட் ஸ்வான் ஹோட்டல்: மகளோடு வீடு திரும்பும் முன் தங்கிய இடம்

சீனாவிலிருந்து பிள்ளையைத் தத்தெடுத்த அமெரிக்கக் குடும்பங்களில் இந்த ஹோட்டலின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. குழந்தை எந்த மாகாணத்தில் பிறந்திருந்தாலும், அமெரிக்க விசா குவாங்ஜோவில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில்தான் கிடைத்தது. அதனால் எல்லோருக்கும் பயணத்தின் கடைசி ஊர் குவாங்ஜோவாகத்தான் இருந்தது. ஷாமியன் தீவில், பேர்ல் ஆற்றின் கரையில், 1983இல் திறந்த ஹோட்டல் இது. நாங்கள் 2010இல் தங்கினோம். சென்ற ஆண்டு மகள் கேட்டாள் என்று மறுபடி போய்விட்டு வந்தோம். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்தக் கடைசி நாட்கள் எப்படிப்பட்டவை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்த ஹோட்டலின் அருமை புரியாது. நான்சாங் நகரில் தத்துப் பதிவு முடிந்துவிட்டது. சீனச் சட்டப்படி அவள் எங்கள் மகள். ஆனாலும் வீட்டுக்குக் கூட்டிப்போக முடியாது. மருத்துவப் பரிசோதனை பாக்கி, விசா பாக்கி. 2009இலிருந்து இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் காசநோய்ப் பரிசோதனையும் சேர்ந்துகொண்டது. முன்கையில் தோலுக்கடியில் ஊசி போடுவார்கள். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பப் போய்க் கையைக் காட்ட வேண்டும். வீக்கம் அதிகமானால் எக்ஸ்ரே. அதிலும் சந்தேகம் வந்தால் பயணமே வாரக்கணக்கில் தள்ளிப்போகும்.

அவள் தூங்கும்போது அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊசி போட்ட இடம் சிவந்திருந்தது. எனக்கு உயிரே இல்லை. மறுபடி போனபோது, செவிலி அந்தச் சிவப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. விரல் நுனியால் தடவி, தடித்திருக்கும் இடத்தின் இரண்டு ஓரத்தையும் கண்டுபிடித்து, சின்ன அளவுகோலை வைத்து அளந்தார். எக்ஸ்ரேக்கு அனுப்பும் அளவான பத்து மில்லிமீட்டரைத் தொடவில்லை. அளக்க வேண்டியது சிவப்பை அல்ல, தடிப்பை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இந்தக் காத்திருப்பைத் தாங்க வைத்தது ஹோட்டல். மருத்துவ நிலையம் நடந்து போகும் தூரம். ஆனால் நான் சொல்ல வருவது காலை உணவுக் கூடத்தில் பார்த்த ஒரு பணிப்பெண்ணைப் பற்றி. மகளுக்கு அப்போது மூன்று வயது ஆகப்போகிறது. தட்டில் இருப்பதைச் சாப்பிட்டு முடித்ததும், மாண்டோ என்ற வெள்ளை ஆவி ரொட்டியை எடுத்துச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்வாள். அடுத்த வேளை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம். நாங்கள் பிடுங்கவும் இல்லை, என்ன செய்வதென்று தெரியவும் இல்லை. அந்தப் பெண் இதைக் கவனித்திருக்கிறார். மறுநாள் நாங்கள் சாப்பிட்டு எழுந்ததும் ஒரு மாண்டோவைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றி, குனிந்து, மகளின் கையில் கொடுத்தார். அதன்பின் தினமும் கொடுத்தார். கிளம்புவதற்கு முன்பே ஒளித்துவைப்பது நின்றுவிட்டது. அதை என்ன சொல்லிப் பாராட்டுவது? எத்தனையோ நல்ல ஹோட்டல்களில் தங்கியிருக்கிறோம், இப்படி ஒரு கவனிப்பை எங்கும் பார்த்ததில்லை.

இன்னொரு நிம்மதி, யாரும் எதையும் கேட்கவில்லை. நான்சாங் கடைத்தெருவில் இரண்டு இந்தியர்கள் நடுவே ஒரு சீனக் குழந்தையைப் பார்த்துக் கூட்டம் கூடிவிடும். இங்கே லிஃப்டில் ஏறினால் நான்கு குடும்பம், நான்கு குழந்தை, எல்லோர் கண்ணிலும் தூக்கமின்மை. அழுகிற பிள்ளையைப் பார்த்து முகம் சுளிக்க ஆளே இல்லை. வரவேற்புக் கூடத்தின் நடுவில் பாறையும் அருவியும், கீழே குளத்தில் மீன்கள். மகள் மணிக்கணக்காக அங்கேயே நின்றாள்.

தத்துக் குடும்பங்களுக்கென்றே மாட்டெல் நிறுவனம் செய்த ஒரு பார்பி பொம்மை அந்நாளில் அங்கே பரிசாகக் கிடைக்கும். பொன்னிற முடியோடு ஓர் அம்மா, இடுப்பில் சீனக் குழந்தை. மகள் பொம்மையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு குழந்தையை மட்டும் கழற்றி எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, பெரிய பொம்மையை விட்டுவிட்டாள்.

சரி, எனக்குள்ள ஒரே மாற்றுக் கருத்தையும் சொல்கிறேன். அந்த இடம் பெற்றோருக்கு அவ்வளவு சௌகரியமாக இருந்ததால், அவை குழந்தைக்குப் பிறந்த மண்ணில் கடைசி நாட்கள் என்பதைப் பலர் மறந்தே போனார்கள். ஹோட்டல், கடை, வழிகாட்டியின் பேருந்து, திரும்ப ஹோட்டல். எனக்கு அதில் உடன்பாடில்லை. தீவில் ஆலமரங்களின் கீழே காலையில் வயதானவர்கள் உடற்பயிற்சி செய்வார்கள். என் கணவர் தினமும் மகளை அங்கே தூக்கிப்போனார். ஒருநாள் ஒரு பாட்டி மாண்டரினில் ஏதோ கேட்க, எங்களிடம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த பிள்ளை கடகடவென்று பேசத் தொடங்கினாள். கையைக் காட்டினாள், காலணியைக் காட்டினாள், என்னைக் காட்டினாள். அவள் இவ்வளவு பேசுவாள் என்பதே எங்களுக்குத் தெரியாது. ஒன்றும் புரியாமல் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஹோட்டலுக்குள்ளேயே இருந்திருந்தால் அந்தக் குரலைக் கேட்காமலே ஊர் திரும்பியிருப்பேன்.

தீவின் கடைகளில் அப்போது குழந்தைத் தள்ளுவண்டியை இலவசமாக இரவல் தருவார்கள், துணியும் துவைத்துத் தருவார்கள். ஒரு கடையில் மகளின் சீனப் பெயரை முத்திரையாகச் செதுக்கக் கொடுத்தோம். ஓர் எழுத்தையே மாற்றிச் செதுக்கியிருந்தார்கள். வழிகாட்டி பார்த்துச் சொன்ன பிறகுதான் புதிதாகச் செய்து கொடுத்தார்கள். படிக்கத் தெரிந்த யாரிடமாவது காட்டிவிட்டுப் பணம் கொடுங்கள்.

விசா நாளன்று, தூதரகத்தின் விசா அலுவலகம் இருந்த தியன்ஹே பகுதிக்குப் பேருந்தில் போனோம். ஒரு கூடம் நிறைய குடும்பங்கள், எல்லோரும் வலது கையை உயர்த்தி உறுதிமொழி. சில நிமிடத்தில் முடிந்தது. அப்புறம் முத்திரையிட்ட ஓர் உறை தந்தார்கள், அமெரிக்காவில் குடிவரவு அதிகாரிதான் பிரிக்க வேண்டும் என்று. விமானம் இறங்கி, அந்த அதிகாரி உள்ளே விட்டதும் பிள்ளை அமெரிக்கக் குடிமகள். 2001இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அப்படி.

ஹோட்டலைப் புதுப்பிப்பதற்காக 2012இல் மூடி, 2015இல் திறந்தார்கள். அருவி அப்படியே இருக்கிறது. துணைத் தூதரகம் 2013இல் ஜூஜியாங் நியூ டவுனுக்குப் போய்விட்டது. 2024 செப்டம்பரில், நெருங்கிய உறவினர் தத்தெடுப்பதைத் தவிர மற்ற வெளிநாட்டுத் தத்தெடுப்பைச் சீனா நிறுத்திவிட்டது. அமெரிக்காவுக்கு மட்டும் 82,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். ஆகவே இனி இங்கே வரப்போவது வளர்ந்த பிள்ளைகள்தான். காலை உணவுக் கூடத்தில் என் மகள் மாண்டோவை எடுத்துக்கொண்டு, தான் ஒளித்துவைத்த கதையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அந்தப் பணிப்பெண்ணைத் தேடினோம், அவர் இப்போது அங்கே இல்லை.

பிள்ளையோடு திரும்பப் போக நினைப்பவர்கள் தாராளமாக இங்கேயே தங்கலாம். ஆற்றைப் பார்த்த அறையாகக் கேட்டு வாங்குங்கள். டாக்ஸி வேண்டாம், ஹுவாங்ஷா மெட்ரோ நிலையத்திலிருந்து பாலத்தைத் தாண்டி நடந்துவிடலாம், கட்டணம் 2 யுவானிலிருந்து தொடங்குகிறது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் சிங்பிங் மருந்துச் சந்தைக்கு ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். முன்னே பிள்ளை போகட்டும், நீங்கள் பின்னால் போங்கள்.