சைக்கிள் விபத்து இழப்பீடு: நான் போன வக்கீல் அலுவலகம் எப்படி?

நிறுத்தியிருந்த காரின் கதவு திடீரெனத் திறந்து, அதில் மோதி விழுந்து காறை எலும்பு முறிந்தது எனக்கு. இழப்பீட்டு வேலையை ஒரு வக்கீல் அலுவலகத்திடம் கொடுத்தேன். வேலை சுத்தம், ஆனால் போன் எடுக்க மாட்டார்கள்.

முதல் நாளே சொன்னது, சைக்கிளைப் பழுது பார்க்காதீர்கள், விரிசல் விட்ட ஹெல்மெட்டையும் கிழிந்த சட்டையையும் தூக்கிப் போடாதீர்கள், எல்லாம் சாட்சி என்று. என்னுடையது கார்பன் ஃபிரேம்; வெளியே கீறல் மாதிரி தெரிந்தாலும் உள்ளே உடைந்திருக்கலாம் என்று பரிசோதித்து எழுத்தில் அறிக்கை வாங்க வைத்தார்கள், அது இல்லையென்றால் ஹேண்டில்பார் காசோடு முடிந்திருக்கும். சம்பள இழப்பு, பிசியோதெரபி, ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோ செலவு வரை ரசீது கேட்டார்கள், கொஞ்சம் எரிச்சல்தான்.

கையைக் கழுத்தோடு துணியில் கட்டித் தொங்கவிட்டிருக்கும்போதே கார்க்காரரின் இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு தொகையோடு வந்தார்கள். கையெழுத்துப் போட்டால் பிறகு வலி அதிகமானாலும் பொதுவாகத் திரும்பக் கேட்க முடியாது, டாக்டர் சொல்லும்வரை பொறுங்கள் என்று தடுத்தது இவர்கள்தான். அப்படிப் பொறுத்ததில் வழக்குப் போடும் கெடுவைத் தவறவிடவும் இல்லை. கதவை ஒட்டி ஓட்டியதால் எனக்கும் பங்கு உண்டு என்று எதிர்த்தரப்பு இழுத்தது. அந்த இடத்துப் படங்களை வைத்துச் சமாளித்தார்கள்.

சரி, குறை என்னவென்றால், என் வழக்கைப் பார்த்தவர் நடுவில் மாறினார், புதியவரிடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. கட்டண விவரத்தையும் நானாகக் கேட்ட பிறகுதான் எழுத்தில் தந்தார்கள். ஐந்துக்கு நான்கு.